போன் 36 டிகிரின்னு காட்டுது, உடம்பு என்ன சொல்லுது?

திருவொற்றியூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசறேன். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்கும், மன்னிச்சுக்கோங்க. மே மாச மதியத்துல அதை நிறுத்தற தைரியம் எனக்கு இல்ல.

போன் 36 டிகிரி காட்டுது. வேலூர்ல இன்னைக்கு 41. ஆனா அங்கிருந்து வந்த என் ஃப்ரெண்ட், "உங்க ஊருதான்டா தாங்க முடியல"ங்கறான். அவன் சொல்றதுல நியாயம் இருக்கு.

மண்பானையை நினைச்சுப் பாருங்க. வெளியே கசியுற தண்ணி ஆவியானாதான் உள்ளே இருக்கற தண்ணி ஜில்லுனு ஆகும். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா பானை வேலை செய்யாது. நம்ம உடம்பும் அதே மாதிரிதான். வேர்வை கொட்டினா மட்டும் பத்தாது, அது ஆவியாகணும். ராயபுரம், எண்ணூர் பக்கம் மதியம் கடல்காத்து வந்ததும் சூடு கொஞ்சம் இறங்கும், ஆனா கூடவே ஈரமும் வரும். வேர்வை சட்டையிலேயே நிக்கும்.

இதை அளக்கிற கணக்கு 1950களில் உருவானது. அமெரிக்க மரைன் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்ததுதான் காரணம். டபிள்யூ.பி.ஜி.டி. என்று பெயர். வெயிலில் அளக்கும்போது, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டருக்கு 70 சதவீதம், வெயிலையும் உலைச்சூட்டையும் வாங்கும் கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரண தெர்மாமீட்டருக்கு 10. அதாவது, போன்ல பார்க்கற நம்பருக்கு பத்துல ஒரு பங்கு மரியாதைதான்! இடைவிடாத நடுத்தர உழைப்புக்கு, வெப்பத்துக்குப் பழகின உடம்புக்கே இந்தக் கணக்குல 28 டிகிரிதான் எல்லை.

இந்த மீட்டரைத் தூக்கிட்டு வேலையிடங்களுக்குப் போறதையே ஒரு ஆராய்ச்சி வாழ்க்கையா ஆக்கிக்கிட்டவர் பேராசிரியர் வித்யா வேணுகோபால். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். இவரது குழு 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இன்னொரு ஆய்வில் 800 கர்ப்பிணிகள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறக்கும் அபாயம் இரண்டு மடங்கு.

ஆனா என்னை உட்கார வெச்சது அவங்க 2016ல வெளியிட்ட ஒரு கட்டுரை. வெப்பத்தோட கழிப்பறையையும் சேர்த்துப் பேசுது. வேலையிடத்துல டாய்லெட் இல்லைன்னா பெண்கள் தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்கறாங்க, அடக்கிக்கறாங்க. அப்போ எந்த மீட்டர் என்ன காட்டி என்ன?

எங்க சித்தி காசிமேட்டுல ஒரு இறால் ஷெட்ல இருபது வருஷமா வேலை பார்க்கறாங்க. தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தா அப்படியே திரும்பி வரும். சின்ன வயசுல அதை நான் சோம்பேறித்தனம்னு நினைச்சேன். போன வருஷம்தான் கேட்டேன். "குடிச்சிட்டு எங்கடா போறது?"ன்னாங்க.

இன்னொண்ணு. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும். லீவு போட்டா அந்தப் பழக்கம் கரைஞ்சுடும். அப்பா பவுண்டரியில இருந்தப்போ, ஊருக்குப் போயிட்டு வந்த முதல் நாள்தான் தலை சுத்துதுன்னு வருவார். "ஊர் சாப்பாடு ஒத்துக்கல"ன்னு அம்மா சொல்லுவாங்க. புதுசா சேர்ந்த பையனை முதல் நாளே உலைப் பக்கம் முழு ஷிஃப்ட் நிறுத்தக் கூடாதுங்கறதுக்கும் இதுதான் காரணம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல விஷயம். ஆனா கிட்னி அப்படி ஒரே நாள்ல போறதில்ல. பத்து, பதினைஞ்சு வருஷத்துல போனா அதை எந்தப் பேரிடர்ல எழுதுவாங்க?

சித்தியைக் கூட்டிட்டுப் போய் போன மாசம் கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்தோம். நார்மல்தான். கூட வேலை பார்க்கற அக்காக்களையும் கூப்பிட்டேன். ஒரு நாள் கூலி போயிடும்னு ரெண்டு பேர்தான் வந்தாங்க.