காப்டன் ஹெட்லி வெரிட்டி

சேப்பாக்கத்தில் முதன்முதலாக டெஸ்ட் பந்தயம் நடைபெற்றது 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலாகும். ஸி. கே. நாயுடுவின் தலைமையில் ஆடிய இந்தியக் கோஷ்டியை, டக்ளஸ் ஜார்டீனின் இங்கிலாந்துக் கோஷ்டி 202 ரன் வித்தியாசத்தில் வென்றது. முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 104 ரன்னுக்கு 4 விக்கெட்டுகளையும் வீழ்த்தி அவ்வெற்றிக்குக் காரணமாயிருந்தவர், ஹெட்லி வெரிட்டி என்னும் இடதுகைப் பந்து வீச்சாளர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அவரே, காப்டன் வெரிட்டியாக, இத்தாலியில் போர்க்கைதியாய் உயிர் நீத்தார். ஆட்டக்காரர் ஒருவர் படைத் தலைவரான வரலாற்றை நாம் இங்குச் சற்று நோக்குவோம்.

வெரிட்டி 1905-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி லீட்ஸ் நகரில் பிறந்தார். யார்க்ஷயர் கோஷ்டியில் அவர் இடம் பெற்றது 1930-இல். அப்போது வயது இருபத்தைந்து. புகழ் பெற்ற வில்பிரட் ரோட்ஸ் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். அவருடைய இடத்தை நிரப்புவது எளிய காரியமன்று.

வெரிட்டி பந்தை வெகுவாகத் திருப்பி வித்தை காட்டியவரல்லர். விழவேண்டிய இடத்திலேயே ஓவர் ஓவராகப் பந்தை விழச் செய்வார். மண்ணின் ஈரம், காற்றின் போக்கு, எதிரில் நிற்பவரின் கால் நகரும் விதம் ஆகியவற்றைக் கூர்ந்து கவனித்து, அதற்கேற்ப வேகத்தைச் சற்றே மாற்றுவார். 1932-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக அவர் 118 பந்துகள் வீசி, பத்தே ரன்கள் கொடுத்துப் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். முதல்தரப் பந்தயங்களில் அச்சாதனையை இன்றளவும் எவரும் விஞ்சவில்லை. 1934-இல் லார்ட்ஸ் மைதானத்தில், மழையில் நனைந்த களத்தில், ஒரே நாளில் பதினான்கு ஆஸ்திரேலிய விக்கெட்டுகள் அவருக்கு வீழ்ந்தன. டெஸ்ட் பந்தயங்களில் பிராட்மனையே அவர் எட்டு முறை வெளியேற்றினார்.

1938-இல் மூனிக் நெருக்கடி தோன்றியபோது, யுத்தம் வருவது திண்ணம் என்று வெரிட்டி உணர்ந்தார். படை அதிகாரி ஒருவரிடம் இராணுவ நூல்களைக் கேட்டு வாங்கி, அவ்வாண்டுத் தென்னாப்பிரிக்கச் சுற்றுப் பயணத்தின்போதே பயிலத் தொடங்கினார். புதிய களத்தின் தன்மையை ஆராய்ந்த பின்னரே பந்து வீசிய அவர், போர்க்களத்திற்கும் அவ்வாறே தம்மை ஆயத்தம் செய்துகொண்டார்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி ஜெர்மானியப் படைகள் போலந்தினுள் நுழைந்தன. அன்று ஹோவ் நகரில் ஸஸெக்ஸ் கோஷ்டியை எதிர்த்து ஆடிய வெரிட்டி, 9 ரன்னுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதுவே அவருடைய கடைசி முதல்தரப் பந்தயம். மொத்தம் 1,956 விக்கெட்டுகள். விக்கெட் ஒன்றுக்குப் பதினைந்து ரன்னுக்கும் குறைவான சராசரி.

பின்னர் அவர் கிரீன் ஹவர்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானார். 1942-இல் அப்படையுடன் மீண்டும் நம் நாட்டிற்கு வந்து ராஞ்சியில் தங்கினார். அங்கு வாழும் நம் நேயர்களுக்கு இது புதிய செய்தியாக இருத்தல் கூடும். சேப்பாக்கத்தில் நம்மவரைத் திணறச் செய்த அவர், ராஞ்சியில் சீதபேதியால் நலிவுற்றார். எனினும் படையை விட்டு நீங்கவில்லை. பாரசீகம், எகிப்து முதலிய நாடுகளைக் கடந்து, 1943 ஜூலையில் சிஸிலித் தீவில் இறங்கினார்.

ஜூலை 19-ஆம் தேதி இரவு, கட்டானியாச் சமவெளியில் அவருடைய கம்பெனி எதிரியின் அரண்களை நோக்கி முன்னேறியது. துப்பாக்கிக் குண்டுகளால் கோதுமை வயல் தீப்பற்றியது. மார்பில் குண்டு பாய்ந்து வீழ்ந்த வெரிட்டி, தம்மைப் பொருட்படுத்தாது முன்னேறுமாறு வீரர்களுக்குக் கட்டளையிட்டார். அவரைப் பிரிய மனமின்றி உடன் தங்கிய ஊழியச் சிப்பாயும் அவரும் சிறைப்பட்டனர். காஸெர்ட்டா நகர மருத்துவமனையில் சிகிச்சை நடைபெற்றும் பயனின்றி, ஜூலை 31-ஆம் தேதி அவர் காலமானார். அவருக்கு வயது முப்பத்தெட்டு.

கிரிக்கெட்டை யுத்தத்திற்கு ஒப்பிட்டுப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின், ஆட்டத்தில் விக்கெட் இழந்தவர் கூடாரத்திற்குத் திரும்பித் தேநீர் அருந்துகிறார். அடுத்த இன்னிங்ஸில் மீண்டும் ஆட வருகிறார். கட்டானியாவில் வீழ்ந்தவர்களுக்கு அடுத்த இன்னிங்ஸ் இல்லை. இரண்டையும் அறிந்திருந்த வெரிட்டி, ஆடுகளத்திலிருந்து போர்க்களத்திற்குக் கொண்டு சென்றவை முன்கூட்டியே ஆராயும் அறிவும், நின்ற இடத்தில் நிலைக்கும் உறுதியுமேயாகும்.

அவர் காணாமற்போனார் என்ற அறிவிப்பே முதலில் தாயகத்தை எட்டியது. மறைவுச் செய்தி வந்து சேர்ந்தது 1943-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி. ஹோவ் மைதானத்தில் அவர் கடைசிப் பந்தை வீசி அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன.