கொல்லிமலையும் ஆங்கில இணைச்சொற்கள் சிலவும்

பொருளால் நெருங்கி நிற்கும் இரு சொற்கள் முற்றும் ஒரு பொருளனவாதல் அரிது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற் பொருளில் வருவனவேனும், இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என்னும் மூவர் கூற்றாக அவை முறையே வேறுபடும் எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வரையறுத்தார். அத்தகைய நுண்மை ஆங்கிலத்திற்கும் உண்டு. வள்ளல் வல்வில் ஓரியின் கொல்லிமலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவாரும், ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழிற் பெயர்ப்பாரும் இடர்ப்படும் மூன்று இணைகளை மட்டும் ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, ‘ஹில்’, ‘மவுண்டன்’ என்பன. முன்னது குன்று, பின்னது மலை எனப் பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். ஆயின், கடல்மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த கொல்லியை ஆங்கிலேயர் ‘ஹில்ஸ்’ என்றே எழுதினர். அவர்தம் நாட்டில் மிக உயர்ந்த பென் நெவிஸ் 1,345 மீட்டரே. அதனை ‘மவுண்டன்’ என்பர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. அத்தொடரோ பெரும்பாலும் ‘ஹில்ஸ்’ எனவே வழங்குகின்றது. 2,000 மீட்டருக்கு மேலுள்ள சிம்லாவும் அவர்க்கு ‘ஹில் ஸ்டேஷன்’ ஆயிற்று. ஆகவே வேறுபாடு அளவுகோலால் மட்டும் அமைவதன்று. சூழ்ந்த நிலத்தையும், நோக்குவோன் மனத்தையும், வழக்கையும் சார்ந்தது. சென்னையை அடுத்த பரங்கிமலை ஏறத்தாழ 300 அடியே உயர்ந்தும் ஆங்கிலத்தில் ‘மவுண்ட்’ எனப்படுதல் காண்க. அஃது இயற்பெயரோடு சேர்ந்து வரும் சொல்லாதலின் உயரத்தைப் பொருட்படுத்துவதில்லை. இனி, ‘ஹில்ஸ்’ என்னும் பன்மையும் கருதத்தக்கது. தமிழில் ‘கொல்லிமலை’ என ஒருமையே தொடர் முழுவதையும் குறிக்கும். ‘கொல்லிக் குன்றுகள்’ என எழுதுவாரும் உளர். அது சொல்லுக்குச் சொல் வைத்ததேயன்றி மொழிபெயர்ப்பாகாது.

இரண்டாவது இணை ‘ஷேட்’, ‘ஷேடோ’. இரண்டற்கும் தமிழில் நிழல் என்பதே சொல். கொல்லியிற் காப்பிச் செடிகள் சவுக்குமரத்தையொத்த நெடிய வெள்ளி ஓக்கு முதலிய மரங்களின் கீழ் வளர்கின்றன. அம்மரங்களின்மேல் மிளகுக்கொடி படரும். அங்குச் செடிக்கு வேண்டுவது ‘ஷேட்’: வெயில் படாத இடம், அதன் குளிர்ச்சி. மாலையில் அம்மரம் தரையில் நீட்டும் வடிவமோ ‘ஷேடோ’. முன்னதற்கு வடிவமில்லை, பின்னதற்கு எல்லைக்கோடு உண்டு. இவ்விரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாயிருந்தவை என்பது வியப்பிற்குரியது. எழுவாய் வடிவினின்று ஒன்றும், ஏனை வேற்றுமை வடிவினின்று மற்றொன்றும் பிரிந்து, பிரிந்தபின் பொருளும் வேறாயின. குடைநிழல் என்புழித் தமிழ் நிழல் அருளையும் காப்பையும் உணர்த்தும்; அதனை ‘ஷேடோ’ எனப் பெயர்த்தால், இக்கால ஆங்கில வாசகர்க்குக் காப்பினும் அச்சமே முற்படத் தோன்றும்.

மூன்றாவதே மிகவும் கருதத்தக்கது. ‘ஃபாரஸ்ட்’, ‘ஜங்கிள்’ என்னும் இணை. ‘ஃபாரஸ்ட்’ முதற்கண் மரச்செறிவைக் குறித்ததன்று. புறத்தது என்னும் பொருளுள்ள இலத்தீன் அடியினின்று வந்ததாகக் கூறப்படும் அச்சொல், நார்மானியர் ஆண்ட இங்கிலாந்தில், வேந்தன் வேட்டைக்கென ஒதுக்கித் தனிச்சட்டத்துக்கு உட்படுத்திய நிலத்தையே குறித்தது. மரம் அருகிய டார்ட்மூர் மேட்டுநிலம் இன்றும் அப்பெயர் தாங்கி நிற்கின்றது. ‘ஜங்கிள்’ என்பதோ நம் நாட்டினின்று சென்ற சொல். வறண்ட நிலத்தைச் சுட்டிய வடமொழி ‘ஜாங்கல’ இந்தி வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்து, ஈரமும் இருளும் மிக்க அடர்காடு என நேர்மாறான பொருள் பெற்றது. சுருங்கக்கூறின், முன்னது சட்டத்தின் சொல், பின்னது கண்ணாற் கண்டோன் சொல்.

தமிழ்க் ‘காடு’ இவ்விரண்டனுள்ளும் அடங்குவதன்று. நாமக்கல், சேலம் பகுதிகளில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என உழவன் கூறின், அவன் செல்வது தன் புன்செய்க்கே. கொல்லிமலைமேல் உள்ள சோளக்காடு என்னும் ஊர்ப்பெயரும் இப்பொருளுக்கு இயைந்ததே. இந்நிலையில், மலைவாழ் உழவர் ஒருவர் தம் விண்ணப்பத்தில் ‘என் காடு’ என எழுத, பெயர்ப்பவர் அதனை ‘ஃபாரஸ்ட்’ என்று எழுதுவாராயின் விளைவு யாது? 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்தால் மலைச்சரிவுகளிற் காப்புக்காடுகள் எல்லையிடப்பட்டன. பட்டா நிலத்தை ‘ஃபாரஸ்ட்’ என்பது அவ்வுழவர் தம் உரிமைக்குத் தாமே ஐயம் விளைப்பதாக முடியும். 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை கோருவோர்க்கோ நிலைமை மறுதலை. அங்கு, மரமே இல்லாத உழுநிலமும் சட்டப்படி ‘ஃபாரஸ்ட்’ ஆயிருத்தல் வேண்டும். அதனை வெறும் ‘ஃபீல்ட்’ என்று எழுதினால் கோரிக்கைக்கு அடியே இராது.

இம்மலை மக்கள் தம்மை மலையாளிகள் என வழங்குதலும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. மலையை ஆள்வோர் என்பது அதன் பொருள். அவர் பேசுவது தமிழே. காஞ்சியினின்று குடியேறினோம் என்பது அவர்தம் மரபுச் செய்தி. ஆங்கில எழுத்தில் இப்பெயரும் கேரள மக்கள் பெயரும் வேறுபாடின்றி அமைகின்றன. பட்டியற் பழங்குடியினர் வரிசையில் அவர்தம் பெயர் பழைய சேலம் முதலிய மாவட்டங்களின் பெயரோடு சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளது. ‘காடு’ என்னும் சொல்லுக்கும் பெயர்ப்பாளர் அவ்வாறே நிலத்தின் வகையையும், புலஎண்ணையும் உடன் எழுதுதல் நலம்.