ஆடியும் வென்றார், ஆட்டுவித்தும் வென்றார்

பெலேயின் பெயரை அறியாத இல்லம் இராது. ஆனால், அவரோடு தோளுரசி ஆடி, பின்னர் அவருக்கே பயிற்சியாளராக விளங்கிய மாரியோ ஜகாலோவை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? உலகக் கோப்பையை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வென்ற முதல் மனிதர் அவரே.

1931ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்தில் ஜகாலோ பிறந்தார். 1950 ஜூலை 16 அன்று, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் அவர் நின்றது ஆட்டக்காரராக அன்று. காவற்பணியில் இருந்த 18 வயது இளஞ்சிப்பாயாக! சமநிலை கண்டாலே கோப்பை என்ற நிலையில் இருந்த பிரேசில், உருகுவேயிடம் 1–2 எனத் தோற்றது. நாடே அழுத அந்த மாலையை அவர் நேரில் கண்டார்.

எட்டே ஆண்டுகளில் நிலை மாறியது. 1958இல் சுவீடனில் நடந்த இறுதியாட்டத்தில் பிரேசில் 5–2 என வென்றபோது, ஒரு கோல் ஜகாலோவினுடையது. 1962இல் சிலியில் வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

சிற்றெறும்பு

அவருக்கு மக்கள் இட்ட பெயர் 'சிற்றெறும்பு'. இடது ஓர முன்கள வீரர்கள் பந்து வரும்வரை முன்னே காத்திருப்பது அக்கால வழக்கம். அவரோ, பந்து எதிரணியிடம் சென்றதும் நடுக்களத்திற்கு ஓடிவந்து தற்காப்பில் தோள் கொடுப்பார். பந்து கிடைத்ததும் மீண்டும் முன்னே பாய்வார். கூட்டம் கைதட்டாத இந்த உழைப்பே அணிக்கு நடுக்களத்தில் மூன்றாவது ஆளைத் தந்தது.

1970 மார்ச் மாதம், உலகக் கோப்பைக்கு மூன்று மாதங்கள்கூட இல்லாத வேளையில், பயிற்சியாளர் சல்தான்யா நீக்கப்பட்டுப் பொறுப்பு ஜகாலோவிடம் வந்தது. பெலே, டோஸ்டாவோ, ஜெர்சன், ரிவெலினோ, ஜெய்ர்சின்யோ ஆகிய ஐவரையும் ஒரே அணியில் பொருத்த இயலுமா என்ற ஐயம் நிலவியது. தாம் ஆடிய அதே இடது ஓரத்தை ரிவெலினோவுக்கு அளித்தார் ஜகாலோ. மெக்சிகோவில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் வெற்றி. இறுதியில் இத்தாலியை 4–1 எனச் சாய்த்தது பிரேசில்.

அரபு மண்ணில்

1974இல் பிரேசில் நான்காம் இடமே பெற்றது. பின்னர் குவைத், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் அணிகளுக்கு அவர் பயிற்சி அளித்தார். அமீரகம் முதன்முதலாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அவர் காலத்தில்தான். ஆயினும் 1990 போட்டி தொடங்குமுன்பே அவர் நீக்கப்பட்டார். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

மனம் சோர்ந்து அவர் ஒதுங்கிவிடவில்லை. 1994இல் பிரேசில் கோப்பை வென்றபோது, பயிற்சியாளர் பரைராவுக்குத் துணை நின்றார். 1998 உலகக் கோப்பையில் மீண்டும் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இறுதியாட்ட நாளில் ரொனால்டோவுக்கு வலிப்பு கண்டது. ஆயினும் அவர் களமிறக்கப்பட்டார். பிரான்சிடம் 0–3 எனத் தோற்றதும், ஜகாலோ மீதும் பழி விழுந்தது. நான்கு கோப்பைகளில் பங்கு கொண்டவரும் இவ்வாறு தூற்றப்பட்டார்.

2024 ஜனவரி 5ஆம் நாள், 92ஆம் வயதில் அவர் மறைந்தார். 1958 இறுதியாட்டத்தில் ஆடிய பிரேசில் வீரர்களுள் கடைசியாக எஞ்சியிருந்தவர் அவரே. அவருக்குப் பின் பெக்கன்பவர், தெஷாம்ப்ஸ் ஆகிய இருவரே ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் கோப்பை வென்றுள்ளனர்.

உங்கள் பிள்ளைகள் பந்தாடச் செல்லும்போது, கோல் அடித்தவரின் கதையோடு, ஓடிவந்து தோள் கொடுத்த இந்தச் சிற்றெறும்பின் கதையையும் சொல்லுங்கள்.