நிவாரணமும் விரல்ரேகையும்

வெள்ளமோ வறட்சியோ போரோ நேர்ந்தவிடத்து முதலில் எழும் கேள்வி, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதே. முன்னாளில் இதற்குப் பேரேடும் அட்டையும் துணை நின்றன. ஒருவரே இருமுறை பெறுவதும், இறந்தவர் பெயரில் தானியம் போவதும் அக்காலத்துத் தொல்லைகள். இவற்றைத் தவிர்க்கவே விரல்ரேகை, கருவிழிப் பதிவு, கணினி ஆகியவை நிவாரணப் பணியில் புகுந்தன. ஜோர்டான் நாட்டு முகாம்களில் சிரியா அகதிகள் 2016-ஆம் ஆண்டிலேயே, கடையில் கண்ணைக் கருவிக்குக் காட்டி உணவுப் பொருள் வாங்கத் தொடங்கினர்.

இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கென்யாவில் நிகழ்ந்ததைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நல்லது.

கென்யாவின் கிழக்கேயுள்ள கரிசா, வறண்ட மேய்ச்சல் நிலம். ஆடு, மாடு, ஒட்டகம் வளர்ப்போர் அங்கு மிகுதி. 1991-இல் சோமாலியாவின் உள்நாட்டுப் போருக்கு அஞ்சி வந்தோருக்காக அங்கே தாதாப் முகாம்கள் எழுந்தன. முகாமுக்குள் ரேஷனும் மருத்துவமும் கிடைத்தன. வெளியே, மழை பொய்த்த காலத்தில், கென்யக் குடிகளுக்கு அவை அரிதாயின. அவர்களும் சோமாலி மொழி பேசுவோரே. எனவே குடும்பங்கள் பல தம்மையும் அகதிகளாகப் பதிந்துகொண்டன. பசித்த பிள்ளையைக் கையில் ஏந்தியவர் பின்விளைவை எண்ணிப் பார்ப்பாரா?

பிள்ளைகள் வளர்ந்து, 18 வயதில் தேசிய அடையாள அட்டை கேட்டபோது, அவர்கள் ரேகை அகதிகள் பதிவில் இருப்பதாகக் கணினி காட்டியது. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அட்டையின்றி வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, வாக்கும் இல்லை. சாலையில் சோதனைச் சாவடியைக் கடப்பதும் அச்சமே. இவ்வாறு சிக்கியோர் சுமார் 40,000 பேர் என மதிப்பிடப்பட்டது. மனுவும் கையுமாக ஆண்டுக்கணக்கில் அலைந்தோர் பலர்.

கருவி பொய் சொல்லவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ரேகை அவர்களுடையதே. எந்த வறட்சியில், எதற்காகப் பதிந்தார் என்பதைத்தான் அது அறியாது. பேரேட்டில் எழுத்தர் செய்த பிழையாயின் ஊர்ப் பெரியவர்களின் சாட்சியம் கொண்டு திருத்திவிடலாம். இங்கோ பதிவு ஓரிடம், முடிவு வேறிடம்.

சேர்த்த விவரத்தைக் காப்பதும் எளிதன்று. சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் விவரங்கள் இருந்த கணினிகளில் அன்னியர் புகுந்தது 2022 ஜனவரியில் தெரியவந்தது. போரிலும் பேரிடரிலும் உறவினரைப் பிரிந்தோர் உட்பட 5,15,000-க்கு மேற்பட்டோரின் விவரங்கள் அவர்கள் கைக்கு எட்டின. பேரேட்டைத் திருடப் பூட்டை உடைக்க வேண்டும். இதற்கு வாசற்படி தாண்டவும் வேண்டியதில்லை.

நம் நியாய விலைக் கடைகளிலும் விரல்ரேகைக் கருவி வந்துள்ளது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை அது சில வேளை ஏற்பதில்லை என்பதைக் கிராமத்தார் அறிவர். நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஊழியர் வரும்போது, விவரம் யாரிடம் சேரும், எத்தனை காலம் இருக்கும், பிழை நேர்ந்தால் எவரிடம் மனுச் செய்வது என அங்கத்தினர்கள் கேட்டறிய வேண்டும். விடையை எழுத்தில் பெற்று, பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கலாம்.