நாடி தளர்ந்தால்

வன்னியின் ஆவணி வெயிலிலும் போர்வை தேடுபவரைச் சோம்பேறி என்று பழிப்பது எளிது. எம் தமக்கையாரை நாமும் அவ்வாறே ஏசினோம். கிளிநொச்சிச் சந்தைக்குப் போய் மீள்வதே அவருக்குப் பெரும்பாடாயிற்று, குரலும் கரகரத்தது. வயதின் குற்றமென்றோம். ஒருநாள் அவர் கையைப் பற்றி நாடியை எண்ணினோம். நிமிடத்திற்கு 48!

ஓய்ந்திருக்கும் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை துடிப்பது வழக்கம். ஓட்டவீரருக்கு அதனிலுங் குறைதல் நோயன்று. ஆனால் கழுத்தின் முன்புறத்துள்ள தைரொயிட்டுச் சுரப்பி சோர்ந்தால், அடுப்புத் தணிந்தாற்போல உடல் முழுதும் மந்தமாகும். இதயமும் அதற்கு விலக்கன்று. கழுத்தில் வீக்கமில்லையே என்று நாம் ஏமாந்திருந்தோம். கழலை இலங்கையின் ஈரவலயத்திலேயே மிகுந்திருந்தது. எமது உலர்வலயத்தில் அரிது. வீக்கமின்றியும் சுரப்பி சோரும் என்பதை இரத்தப் பரிசோதனையே காட்டிற்று.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மறே என்னும் மருத்துவர், செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை 46 வயது மாதொருவருக்கு ஊசிவழி ஏற்றினார். அம்மாது பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று தைரொட்சின் குளிசை அவ்வேலையைச் செய்கிறது. முதியோருக்குச் சிற்றளவிலேயே தொடங்குவர். தளர்ந்த இதயத்தைத் திடீரென விரட்டலாகாது. இரத்த அழுத்தக் குளிசைகள் சிலவும் நாடியைத் தாழ்த்துமாதலால், உட்கொள்ளும் மருந்தனைத்தையும் வைத்தியரிடம் கூறல் வேண்டும். குளிசையை வெறுவயிற்றில் விழுங்கி, அரைமணி நேரமாவது தேநீரைத் தள்ளிவைக்க வேண்டும். எம்மவர்க்கு இதுவே கடுந்தவம்!

சில மாதங்களின் பின் தமக்கையார் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்தார். “சோம்பேறி எழும்பிவிட்டாள், தேத்தண்ணி போடட்டோ?” என்று ஒருநாட் காலை அவர் கேட்டபோது எமக்கு விடை வரவில்லை.