பூக்க மறந்த மணி பிளான்ட்

மணி பிளான்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, அடுத்த வீட்டில் கேட்காமல் ஒடித்து வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்றொரு நம்பிக்கை உண்டு. பணம் சேருகிறதோ இல்லையோ, அந்தத் திருட்டு அசல் குளோனிங். ஒடித்து வந்த துண்டுக்கும் பக்கத்து வீட்டுத் தாய்க்கொடிக்கும் மரபணுவில் வித்தியாசம் கிடையாது.

இந்தச் செடிக்கு வேறு வழியும் இல்லை. இதன் பூர்வீகம் பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினேசியாவின் மோரேயா தீவு. உலகெங்கும் பரவிவிட்ட பிறகும், தொட்டியில் மட்டுமல்ல, மரத்தில் ஏறி முறம் அளவுக்கு இலை விட்டாலும் இது பூப்பதில்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செயல்வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டிய மரபணு ஒன்று இதில் முடங்கிக் கிடக்கிறது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தார்கள், கொடி பூத்தது!

பூவே இல்லாதபோது மகரந்தம் ஏது, விதை ஏது? இனக்கலப்பு செய்து புது ரகம் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் நர்சரிகளில் விதவிதமான மணி பிளான்ட்கள் தொங்குகின்றன. துளிர் விடும்போது எங்கோ ஒரு செல்லில் நேரும் திடீர் மாற்றம்தான் அவற்றின் மூலதனம். பச்சையும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருக்கும் ‘என்ஜாய்’ ரகம், மும்பையில் ‘மார்பிள் குயின்’ கொடியில் இப்படித் தானாகத் தோன்றியது. அதே மார்பிள் குயினைக் காமா கதிர் பாய்ச்சி மாற்றி, ‘பேர்ல்ஸ் அண்ட் ஜேட்’ ரகத்தை உருவாக்கியது புளோரிடா பல்கலைக்கழகம்.

வீட்டில் நகலெடுக்கக் கதிரும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். கணுவைத் தெரிந்தால் போதும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு தெரியும், அது வேராகும். காம்பின் கக்கத்தில் ஒளிந்திருக்கும் மொட்டு கொடியாகும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். இலையை மட்டும் காம்போடு கிள்ளி வைத்தால் வேர்கூட விடலாம், மாதக்கணக்கில் பசுமையாகவும் நிற்கலாம். மொட்டு இல்லாததால் கொடி மட்டும் வராது.

ஸ்நேக் பிளான்ட் இதற்கு நேர்மாறு. அதன் இலைத்துண்டிலிருந்தே புதுச் செடி கிளம்பும். ஆனால் ஓரத்தில் மஞ்சள் கரை கொண்ட ரகத்தில், கரையும் நடுப்பகுதியும் மரபு வேறான இருவகைத் திசுக்கள். இலைத்துண்டில் முளைப்பது உள்திசுவின் வாரிசு என்பதால் குட்டி வெறும் பச்சையாக வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுவதுதான் வழி.

மணி பிளான்டிலும் இப்படியொரு கண்காணிப்பு தேவை. முழு வெள்ளையாக வரும் துளிரில் பச்சையம் இல்லை. தனியே வெட்டி வைத்தால் பிழைக்காது. முழுப் பச்சையாக வருவது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும், அதை வெட்டிவிடுங்கள். நட்டு வைக்க, இரண்டு நிறமும் கலந்த கணுவாகப் பார்த்து எடுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டே எடுக்கலாம்.