சிவப்புக் கோட்டுக்குள்ளே தங்கம்!



நாள் தள்ளிப்போனால் மெடிக்கல் கடையில் ஒரு டெஸ்ட் கார்டு வாங்குகிறோம். இல்லாவிட்டால் நர்ஸம்மாவிடம் கேட்கிறோம். சில சொட்டு சிறுநீர் விட்டதும் சிவப்பாகக் கோடு தெரிகிறது. "ரெண்டு கோடு விழுந்தா உண்டு, ஒரு கோடுன்னா இல்ல" என்பது வரை நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலான கார்டுகளில் அது தங்கம்!

தங்கம் எப்படிச் சிவந்தது?

"தங்கம்னா மஞ்சளாத்தானே இருக்கும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் மிக மிக நுண்ணிய துகளாக்கினால் தங்கத்தின் நிறமே மாறிவிடும். இதை நானோ துகள் என்கிறார்கள். நம் தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் சுமார் 2,000 துகள்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியது. வெளிச்சம் பட்டதும் இந்தத் துகள் அதிலுள்ள பச்சை நிறத்தை விழுங்கிக்கொள்ளும். மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். 1857-லேயே லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி இப்படிச் சிவந்த தங்க நீரைச் செய்து காட்டினார்.

இதற்காகக் கார்டைப் பிரித்துத் தங்கம் தேட வேண்டாம்! குந்துமணித் தங்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதில் இருக்காது.

கார்டுக்குள் என்ன நடக்கிறது?

கரு தங்கியதும் உடம்பில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கும். அது சிறுநீரிலும் வரும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, கார்டில் உள்ள பட்டை சிறுநீரை இழுக்கும். வழியில் தங்கத் துகள்கள் காத்திருக்கும். அவற்றின் மேல் அந்த ஹார்மோனை மட்டும் பிடிக்கும் புரதம் ஒட்டப்பட்டிருக்கும். ஹார்மோன் இருந்தால் துகள் அதைப் பிடித்துக்கொண்டே நகரும். 'டி' என்ற இடத்தில் இன்னொரு புரதம் அதைத் தடுத்து நிறுத்தும். துகள்கள் அங்கே ஏராளமாகச் சேர்ந்ததும் கோடு சிவக்கும். ஹார்மோன் இல்லையென்றால் துகள் அங்கே நிற்காது.

'சி' என்ற இடத்தில் மட்டும் எப்படியும் கோடு விழ வேண்டும். கார்டு ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மலேரியா, எச்.ஐ.வி. சோதனை அட்டைகள் பலவும் இதே முறைதான். கொரோனா காலத்தில், 2021 மே மாதம், வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனைக்கு அனுமதி கிடைத்ததும் இந்த மாதிரி அட்டைக்குத்தான்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

1. காலாவதி தேதியைப் பாருங்கள். காலையில் முதல் சிறுநீர் நல்லது.

2. எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்று பாக்கெட்டில் உள்ளபடியே செய்யுங்கள். அரை மணி கழித்துப் பார்த்தால், காய்ந்த கோடு குழப்பிவிடும்.

3. முதலில் 'சி'யைப் பாருங்கள். அங்கே கோடு இல்லையென்றால் அந்தச் சோதனை செல்லாது. புதுக் கார்டு எடுங்கள்.

4. சொன்ன நேரத்துக்குள் 'டி'யில் மங்கலாகக் கோடு தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம். நர்ஸம்மாவிடம் காட்டுங்கள்.

5. ஒரே கோடுதான், ஆனாலும் மாதவிலக்கு வரவில்லையா? சில நாள் கழித்து மறுபடி சோதியுங்கள்.

கார்டு சொல்லாதது

கரு இருக்கிறது என்று மட்டுமே கார்டு சொல்லும். அது கருப்பையில் தங்கியதா, கருக்குழாயில் தங்கியதா என்று சொல்லாது. இரண்டு கோடு விழுந்தபின் கடுமையான அடிவயிற்று வலி, ரத்தப்போக்கு, மயக்கம் வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கருக்குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

கோடு விழுந்தபின்

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது நம் குளத்தூர்ப் பக்கத்திலும் வழக்கம். ஊருக்குச் சொல்வதைத் தள்ளிப்போடலாம். நர்ஸம்மாவிடம் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் சில வாரங்களில்தான். ஃபோலிக் அமில மாத்திரை அப்போதே தேவை. ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தாலும் சீக்கிரம் தெரியவரும். அதனால் 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்தப் பதிவு அவசியம். அந்த அம்மையார் 1886-ல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்கள் படிக்கவே வீட்டை விட்டு வர முடியாத காலத்தில், 1912-ல் டாக்டர் ஆனவர்.

இப்போது பிள்ளை வேண்டாம் என்று நினைப்பவர்களும் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் பேசுங்கள். சீக்கிரம் போனால் ஆபத்து குறைவு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை உரக்க வாசியுங்கள். முடிந்தால் ஒரு கார்டை வைத்து 'சி' எது, 'டி' எது என்று எல்லோருக்கும் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமாரும், புதிதாகக் கல்யாணமான தங்கைகளும் கட்டாயம் பார்க்க வேண்டும். கோடு விழுந்தால் அந்த வாரமே நர்ஸம்மாவைப் பார்ப்போம் என்று குழுவாக முடிவெடுப்போம்.